மஸ்கட்டும் மணலும்

பெருநாள் காசு கைக்கு வந்த அன்றே ரிமோட் கார் வேண்டுமென்று நின்றான் மகன். வயது ஒன்பது. "கொஞ்சம் சபூர் செய் மகன். ஒரு மாசம் யோசி, அப்பவும் வேணுமெண்டா வாங்குவம்" என்றேன். ஒரு மாதம் என்பது அவன் மறந்துபோக நான் போட்ட கணக்கு. அவன் கலண்டரில் வட்டம் போட்டுவிட்டான்.

அமெரிக்காவில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் 1970 வாக்கில் பிள்ளைகளின் பொறுமையைச் சோதித்தார். முன்னால் ஒரு இனிப்பு. தொடாமல் கால்மணி நேரம் இருந்தால் இரண்டு. நானும் ஒரு துண்டு மஸ்கட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். நெய் மினுங்கும் அந்தத் துண்டைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அமுக்கிக்கொண்டு இருந்தான், பாவம். கால்மணி கழித்து மற்றத் துண்டைக் கேட்டான். அதை நான் தின்றிருந்தேன்.

மானத்தைக் காப்பாற்ற ஒலுவில் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன். ஆசைப்படுமுன் யோசிக்க வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடப்புத்தகம் எங்கள் பக்கத்தில் இல்லை. துறைமுக அமைச்சராயிருந்த அஷ்ரப் கண்ட கனவு. அவர் 2000இல் ஹெலிகொப்டர் விபத்தில் மௌத்தானார். டென்மார்க் கடனில் 2008இல் வேலை தொடங்கி, 2013இல் திறந்தார்கள். கப்பல் வருமென்று பார்த்திருந்தோம்; வந்தது மணல். கரையோரமாக வடக்கே நகரும் மணலை அலைதடுப்புக் கல் மறித்தது. வாய் அடைபட்டு வள்ளங்கள் திண்டாட, வடக்கே கரையும் தென்னையும் கடலுக்குள் போயின. மணலை அள்ளு என்று ஒரு பக்கம், அள்ளாதே என்று இன்னொரு பக்கம்.

"கடல்கிட்ட கேட்டுட்டா கட்டின?" என்றான்.

நல்ல கேள்வி. பதிலுக்கு நான் தொண்டையைச் செருமும்போதே, மணல்மேட்டைக் காட்டிச் சொன்னான்: "வாப்பா, இது நம்மட மீன்தொட்டி மாதிரியே இரிக்கி."

கல்முனையில் ஒரே பார்வையில் பிடித்துப்போய், உம்மா வேண்டாமென்க நான் வாங்கிய தொட்டி. ஆறு மீன்களும் ஒரு கிழமைக்குள் முடிந்தன. இப்போது அடியில் நாலு விரல் மணல்.

"எனக்குக் கார் வேணாம். அதுக்குள்ள திரும்ப மீன் விடுவம்."

"மணல ஆரு அள்ளிக் கழுவுற?"

"நீங்கதான். நீங்கதானே ஆசப்பட்டு வாங்கின."