மாசியில் ஒரு லண்டன் வசந்தம்

பிப்ரவரி பிறந்ததும் சென்னை மாடித் தோட்டக்காரர்களுக்கு ஒருவித வசந்தக் காய்ச்சல் கண்டுவிடுகிறது. வெளிநாட்டுத் தோட்டக் குறிப்புகளின்படி, கடைசி உறைபனிக்கு ஆறேழு வாரம் முன்பே தக்காளி விதையை வீட்டுக்குள், ஜன்னலோரமாக முளைக்கவிட வேண்டுமாம். லண்டனில் இது நல்ல யோசனைதான். ஏப்ரலிலும் ஓர் இரவுப் பனி நாற்றைக் கருக்கிவிடும். சென்னையில் கடைசி உறைபனிக்குக் காத்திருப்பது, நிச்சயமே ஆகாத கல்யாணத்துக்குப் பந்தல் போடுவது மாதிரி. கவாத்து விஷயம் இன்னும் விசேஷம். இலையுதிர்த்துத் தூங்கும் ஆப்பிள் மரத்தைக் குளிர்காலம் முடிவதற்குள் வெட்டச் சொல்கிறார்கள், நியாயம். அதே வாரத்தில் நம் மாமரம் கிளை நுனியெல்லாம் பூத்து நிற்கும். கத்தரிக்கோலோடு அதை நெருங்குகிறவர், அந்த வருஷத்து ஆவக்காயையும் சேர்த்தே நறுக்குகிறார். மாவுக்குக் கவாத்து அறுவடைக்குப் பிறகு.

ஊட்டியில் உறைபனி விழவில்லையா என்பார்கள். விழுகிறது, அதற்காக மயிலாப்பூர் மொட்டை மாடி கம்பளி போர்த்த வேண்டியதில்லை. செடிக்கு நாள்காட்டியா தெரியும், மண்ணும் தண்ணீரும் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. நாள்காட்டி தெரியாதுதான், வெயில் தெரியும். மாசியில் விதைத்த தக்காளி சித்திரையில் பூக்கும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சோர்ந்து பூ உதிரும். வெண்டையும் கொத்தவரையும் அந்த வெயிலைப் பொருட்படுத்தாமல் காய்க்கும். ஆனால் கொத்தவரங்காயைப் படம் எடுத்துப் போட்டால் யார் பார்க்கிறார்கள்? ஆகவே மூடாக்குக்கு ஆகவேண்டிய சருகு குப்பைத் தொட்டிக்குப் போகிறது, நிழல்வலை கடையிலேயே தொங்குகிறது, தக்காளி நாற்று ஏசி அறையில் வசந்தத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது.