மாத்திரைக்கு லீவு உண்டா?

போன இதழில் பி.பி. மாத்திரையைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதமா! முப்பது வருடம் மருந்துக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றவன் என்கிற உரிமையில் பதில் சொல்கிறேன். டோஸைக் கூட்டுகிற, குறைக்கிற அதிகாரம் மட்டும் உங்கள் டாக்டரிடம்.

மூன்று மாதமாக பி.பி. 120/80. நார்மல் ஆகிவிட்டதே, மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அருப்புக்கோட்டை

காவல்காரன் வந்தபிறகு தோப்பில் தேங்காய் திருட்டே இல்லை, அப்புறம் அவனுக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்ட தோப்புக்காரரின் கணக்கு, சார், உங்கள் கணக்கு.

அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு இதில் ஒரு கண்கட்டு வித்தையும் நடக்கும். உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நிறுத்திய மறுநாள் பார்த்தால் நார்மல். அதற்கடுத்த நாளும் ஏறக்குறைய நார்மல். "மாத்திரை இல்லாமலே சரியாத்தான் இருக்கு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வருவார்கள். ஒரு வாரத்தில் பி.பி. பழைய திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கும். அப்போது அளந்து பார்க்கத்தான் ஆள் இருக்காது. அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகை இன்னும் முரடு. சட்டென்று விட்டால் படபடப்பு, நெஞ்சுவலி, இதயநோய் உள்ளவர்களுக்கு மாரடைப்புகூட வரலாம். குளோனிடினை விட்டால் ஓரிரு நாளிலேயே பழைய அளவையும் தாண்டி எகிறும்.

எடையும் உப்பும் குறைந்து, உங்களுக்கு உண்மையிலேயே மாத்திரையின் தேவை குறைந்திருக்கலாம். அப்படியென்றால் டாக்டர் படிப்படியாக இறக்குவார். நீங்கள் மாடியிலிருந்து குதிக்க வேண்டாம்.

காலை மாத்திரையை மறந்துவிட்டேன். நாளைக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளவா?
– மறதிக்காரி, மன்னார்குடி

சீட்டுப் பணமா, விட்டதையும் சேர்த்துக் கட்ட? ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டது விட்டதுதான். இரண்டாகப் போட்டால் பி.பி. இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றும்.

காலையில் போடுவது நல்லதா, இரவிலா? வாட்ஸ்அப்பில் இரவு என்கிறார்கள்.
– குழம்பியவர், கோவில்பட்டி

பிரிட்டனில் 21,104 பேரை வைத்துச் சில வருடம் பார்த்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் காலைக் கட்சிக்கும் இரவுக் கட்சிக்கும் வித்தியாசமில்லை. எந்த நேரத்தில் மறக்க மாட்டீர்களோ அதுவே நல்ல நேரம் (மன்னார்குடி கவனிக்க). நீர் மாத்திரையை மட்டும் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கப் பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடைதான்.

அரசாங்க மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மகன் தனியார் டாக்டரிடம் காட்டி வேறு மாத்திரையும் வாங்கித் தந்தான். இரண்டையும் சாப்பிடுகிறேன். தலை கிறுகிறுக்கிறது.
– 68 வயது, தேன்கனிக்கோட்டை

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் பிரித்திருக்க வேண்டும். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதே உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். வாசலுக்கு மாத்திரை வருவது பெரிய காரியம். ஆனால் வாசலுக்கு வருவதும் பட்டணத்திலிருந்து வருவதும் ஒரே மருந்தாக இருந்துவிட்டால்?

அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் சொந்தப் பெயர் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பேத்தியைக் கூப்பிட்டு இரண்டு அட்டையிலும் அந்தப் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் அம்லோடிபின் என்று வந்தால், ஒரே மாப்பிள்ளை இரண்டு பெயரில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். பெயருக்கு வாலாக 'ஏ.எம்.' என்றிருந்தால் பெரும்பாலும் உள்ளே அம்லோடிபினும் சேர்ந்திருக்கும். 'ஹெச்' என்றிருந்தால் நீர் மாத்திரை. இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு, தாமதிக்காமல் இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எதைத் தொடர்வது, எதை விடுவது என்று அவர்கள் சொல்லட்டும். பயந்துபோய் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். அதுவரை படுக்கையிலிருந்து எழும்போது கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள்.

முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு அவ்வப்போது ஒரு மாத்திரை. பி.பி. மாத்திரையோடு சேருமா?
– படியேற முடியாதவர், பழனி

சேராது. டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுப்ரொஃபன் எல்லாம் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்குகிறவை. பி.பி. மாத்திரை கீழே இழுக்க, இவை மேலே இழுக்கும். பி.பி. ஏறியிருப்பதைப் பார்த்து டாக்டர் டோஸைக் கூட்டுவார், ஏனென்றால் முழங்கால் சமாசாரத்தை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். டெல்மிசார்டன் அல்லது எனலாப்ரில், கூடவே நீர் மாத்திரை, அதன்மேல் இந்த வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் அடி சிறுநீரகத்துக்கு. வாந்தி, பேதி நேரத்தில் இன்னும் மோசம். "பி.பி. இருக்கா?" என்று கேட்காமலே வலி மாத்திரையைக் கிழித்துக் கொடுத்த கடைக்காரர்களில் நானும் ஒருவன். இப்போது உறைக்கிறது.

அம்லோடிபின் ஆரம்பித்ததிலிருந்து கால் வீங்குகிறது. கொலுசு இறுக்குகிறது.
– காரைக்குடி வாசகி

அந்த மருந்து நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தளர்த்துவதில் நீர் கசிந்து கணுக்காலில் தங்கும். 10 மி.கி.யில் அதிகம், 5இல் குறைவு. டோஸைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்யலாம். நீங்களாகக் கடையில் நீர் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். இதயம், சிறுநீரகக் கோளாறிலும் கால் வீங்கும் என்பதால் டாக்டரிடம் காலைக் காட்டியே ஆகவேண்டும்.

இங்கிலீஷ் மருந்து சூடு. மூலிகைக்கு மாறலாமா?
– இயற்கை நேசன், இராசபாளையம்

சர்ப்பகந்தி வேரைப் பற்றி 1949இல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதி உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தவர் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல். 1952இல் அந்த வேரிலிருந்து ரிசர்ப்பினைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கினார்கள். மூலிகைதான், ஆனாலும் மூக்கடைப்பு, மனச்சோர்வு என்று தொல்லைகள் வந்தன. இன்னொரு பக்கம், பிரேசில் விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் கிடைத்த துப்பில் பிறந்தது கேப்டோப்ரில். அமெரிக்காவில் 1981இல் அனுமதி. எது இயற்கை, எது இங்கிலீஷ், சொல்லுங்கள்!

அந்தப் பாம்பு வம்சத்து எனலாப்ரிலும் ராமிப்ரிலும் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். அதற்கு இயற்கை வைத்தியமாக அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வார்கள். அதிமதுரம் தொடர்ந்து உள்ளே போனால் பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும். மாத்திரையால் இருமல், இருமலுக்கு அதிமதுரம், அதிமதுரத்தால் பி.பி., பி.பி.க்கு மறுபடி மாத்திரை. இருமலை டாக்டரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றிவிடுவார், அவ்வளவுதான்.

சோடியம் குறைந்த உப்பு நல்லதுதானே?
– சமையல்காரர், கும்பகோணம்

பலருக்கு நல்லது. ஆனால் அதில் சோடியத்தின் இடத்தில் உட்கார்ந்திருப்பது பொட்டாசியம். டெல்மிசார்டன், எனலாப்ரில் வகை சாப்பிடுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் தொடக்கூடாது. தினமும் இளநீர் குடிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

மகள் கர்ப்பமாக இருக்கிறாள், பி.பி. ஏறுகிறதாம். என் டெல்மிசார்டனில் பாதி கொடுக்கலாமா?
– அவசர அம்மா, ஆரணி

கால்வாசிகூடக் கூடாது! கருவின் சிறுநீரகத்தையே கெடுக்கிற மருந்து அது. கர்ப்பகாலத்துக்கு லபெட்டலால், மெத்தில்டோபா, நிஃபெடிபின் என்று தனி வழி இருக்கிறது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

பி.பி. 190 காட்டினால் நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கலாமா? எங்கள் தாத்தாவுக்கு வைத்தார்கள்.
– பேரன், பெரம்பலூர்

நிஃபெடிபின் கேப்ஸ்யூலாக இருந்திருக்கும். பி.பி. தடாலென்று விழுந்து பக்கவாதத்திலும் மாரடைப்பிலும் முடிந்ததால் அந்த வழக்கத்தையே கைவிட்டாயிற்று. வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, கை தளர்வது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எதுவாவது இருந்தால் உடனே 108. ஒன்றுமில்லையென்றால் சும்மா உட்காரவைத்து ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் 180க்கு மேல் நின்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

உங்களுக்கு பி.பி. உண்டா?
– துப்பறிவாளர், தூத்துக்குடி

உண்டு. இந்தக் கடிதங்களைப் பிரிக்கும் முன், பாதம் தரையில் பட, வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன்: 128/82. பிரித்து முடித்தபின் பார்த்த எண்ணை வெளியிட ஆசிரியர் மறுத்துவிட்டார்.