நாலு நாள் லீவும் 45.95 டிஎம்சியும்

ஓசூர் சிப்காட்டில் ஏழு பேருக்கு ஒரே நேரத்தில் லீவு கிடைப்பது கிரகங்கள் நேர்கோட்டில் வருவதைவிட அபூர்வம். ஏ ஷிப்ட்காரன் விழித்திருக்கும்போது சி ஷிப்ட்காரன் குறட்டை விடுவான். பி ஷிப்ட்காரன் எப்போது எங்கே இருப்பான் என்று அவன் வீட்டுக்கே தெரியாது. இந்த லட்சணத்தில் எங்கள் கும்பல் போட்ட திட்டம்: மேகதாட்டுக்குக் கீழே காவிரியில் இறங்குவது, மலை இடுக்கு வழியே நாலு நாள் மிதப்பது, ஒகேனக்கல்லில் கரையேறுவது. அருவிக்கு முன்னால் கரையேறுவது என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தோம்.

வாகனம், பேக்ராப்ட். மூன்று நான்கு கிலோ எடையுள்ள காற்றடைத்த படகு. சுருட்டினால் முதுகுப்பையில் அடங்கிவிடும். பம்பு வேண்டாம். ஒரு பையில் காற்றைப் பிடித்துப் பிடித்து உள்ளே அமுக்கினால் போதும். அதன் வீடியோவைப் பார்த்த எங்கள் டூல் ரூம் அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்.

"பஞ்சர் ஆனா?"

"ஒட்டிக்கலாம்ணா."

"கரைக்கு எப்படிப் போவே?"

பர்ச்சேஸ் நண்பர் வழக்கப்படி மூன்று கொட்டேஷன் வாங்கினார். நுரைத்துப் பாயும் ஆற்றுக்குத் தாங்கும் படகு ஒன்று ஆயிரம் டாலருக்கு மேல். இறக்குமதி வரியையும் சேர்த்தால் ஒரு புது டூவீலரே வாங்கிவிடலாம். டூவீலர் செய்து உலகுக்கே அனுப்புகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் காசைக் காற்றில் போட யாருக்கும் மனசு வரவில்லை. வாடகைக்குப் பார்ப்போம் என்று தள்ளிவைத்தோம்.

அடுத்தது குவாலிட்டி நண்பரின் முறை. புது உதிரிபாகம் வந்தாலே எஃப்எம்இஏ (எது எப்படிக் கெடும் என்ற ரிஸ்க் அட்டவணை) போடுகிறவர், ஆற்றைச் சும்மா விடுவாரா? எக்செல்லில் வரிசையாக எழுதினார். யானை: பாதிப்பு 10, நிகழும் வாய்ப்பு 7, கண்டுபிடிக்கும் சிரமம் 2, ஏனென்றால் யானை தெரியும். முதலை: பாதிப்பு 10, வாய்ப்பு 4, கண்டுபிடிக்கும் சிரமம் 10, ஏனென்றால் தெரியும்போது வேலை முடிந்திருக்கும். பெருக்கினால் யானைக்கு 140, முதலைக்கு 400. தடுப்பு நடவடிக்கை என்ற கட்டத்தில் முதலைக்கு நேராக "சப்ளையருடன் பேசவும்" என்று இருந்தது. பழைய ஷீட்டில் காப்பியடித்ததாம்.

ஒருவரின் அம்மாவோ எந்த ஷீட்டும் பார்க்காமல் ரிஸ்க் சொன்னார். "அது வீரப்பன் இருந்த காடுடா!"

"அவர் 2004-லயே செத்துட்டாரும்மா."

"ஆவி இருக்காதா?"

அந்த வரிக்கு எண் போட குவாலிட்டி நண்பராலும் முடியவில்லை.

உண்மையான சிக்கல் தண்ணீர். உலகத்தில் மற்றவர்கள் ஆற்றுப் பயணத்துக்கு மழையைப் பார்ப்பார்கள். நாங்கள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தோம். 2018 பிப்ரவரி 16-ஆம் தேதித் தீர்ப்புப்படி எல்லை அளவீட்டு நிலையமான பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி வந்து சேர வேண்டும். மாதவாரிக் கணக்கும் உண்டு: ஆகஸ்டுக்கு 45.95, பிப்ரவரிக்கு 2.5. ஒரு டிஎம்சி என்றால் விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடும் தண்ணீர். ஆக, பிப்ரவரியில் போனால் சராசரி ஆயிரம் கனஅடி; படகு பாறையில் உட்கார, நாங்கள் படகைச் சுமக்க வேண்டும். ஆகஸ்டில் சராசரி பதினேழாயிரம். படகு எங்களைச் சுமக்கும், ஆனால் எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது. இதுவும் காகிதக் கணக்குதான். மழை பொய்த்தால் கர்நாடகம் இல்லை என்னும். மழை கொட்டினால் கேஆர்எஸ், கபினி அணைகள் கேட்காமலே திறக்கும். 2018 ஆகஸ்டில் ஒகேனக்கல்லுக்கு வந்தது இரண்டு லட்சம் கனஅடி! இரண்டு மாநிலமும் ஒத்துப்போகும் தேதியைக் கண்டுபிடித்து, அதில் ஏழு பேருக்கும் கம்ப்-ஆஃப் லீவு வாங்குவது எப்படி?

"பக்கத்துலயே தென்பெண்ணை இருக்கே" என்றார் ஒருவர். கெலவரப்பள்ளி அணையில் பெங்களூரு கழிவோடு வெள்ளை நுரை மலை மலையாகக் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். சோப்பு கொண்டுபோக வேண்டாம் என்பதைத் தவிர அந்த யோசனையில் வேறு நன்மை இல்லை.

அனுமதி விஷயம் அதைவிட அழகு. நாங்கள் மிதக்க நினைத்த நீளத்தில் காவிரிதான் எல்லைக்கோடு. மிதந்துபோகிறவனின் இடது துடுப்பு தமிழ்நாட்டில், வலது துடுப்பு கர்நாடகத்தில். வலப்பக்கம் அவர்களுடைய காவிரி வனவிலங்கு சரணாலயம். இடப்பக்கம் 2022-இல் நாம் அறிவித்த காவிரி தெற்கு சரணாலயம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு கரையிலும் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. மணல்திட்டில் டென்ட் போட்டால் எந்த மாநிலத்து வனக்காவலர் பிடிப்பார் என்பதை வெள்ளம்தான் தீர்மானிக்கும்.

கடைசியில் திட்டத்தைக் கைவிட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒகேனக்கல் பரிசல்துறைக்கு. மூங்கில் சிம்புப் பின்னல், அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, மேலே தார்ப் பூச்சு. பரிசல்காரர் முன்னால் குத்துக்காலிட்டு, ஒற்றைத் துடுப்பால் தண்ணீரை இழுத்து இழுத்துப் பாறை இடுக்கில் வளைத்தார். சவாரி முடிந்ததும் பரிசலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு நடந்தார். பின்னாலிருந்து பார்த்தால் கால் முளைத்த பஞ்சாரக் கூடை. சுமக்கும் படகு ஒன்றும் புதிதல்ல: 1840-களில் ஹால்கெட் என்ற பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ட், அங்கியாக மாட்டிக்கொள்ளவும் ஊதினால் படகாக மாறவும் ஒன்றைச் செய்தார்; குடைதான் அதற்குப் பாய்மரம். பேக்ராப்டின் தாத்தா என்று அதைத்தான் சொல்கிறார்கள். படகைச் சுமந்து நடப்பதுதான் பேக்ராப்டிங் என்றால், டாலர் கொடுக்காமல் அதைச் செய்கிற ஆள் எங்கள் எதிரே நடந்துகொண்டிருந்தார்.

நுரைத்துப் பாயும் ஆற்றின் மேல் ஆசை தீராதவர்கள் கர்நாடகத்தின் தண்டேலிக்குப் போங்கள். காளி ஆற்றில் வழிகாட்டியும் ஹெல்மெட்டும் கொடுத்து ராப்டிங் நடத்துகிறார்கள். அதுவும் அணையிலிருந்து தண்ணீர் விட்டால்தான். ஒகேனக்கல் போகிறவர்கள் கிளம்பும் காலையில் நீர்வரத்துச் செய்தியைப் பாருங்கள். வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலையே நிறுத்திவிடும். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்ளாமல் மாட்டிக்கொள்ளுங்கள். மேனேஜர் லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக ஆறும் சம்மதித்துவிட்டதாக அர்த்தமில்லை.