பூட்டுக்கு வயசென்ன?

இடம்: திண்டுக்கல், நல்லாம்பட்டிப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு பூட்டுப் பட்டறை.
ஆட்கள்: மாமா, விவரம் தெரிந்த நாள் முதல் பூட்டு ராவுபவர். மாப்பிள்ளை, அவருடைய அக்கா மகன், பி.இ.; ஏதோ ஒரு திட்டத்தில் 'புத்தாக்க ஆலோசகர்'. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப். இருவரும் கற்பனை. அவர்கள் பேசும் விதிமுறைகள்தான் கற்பனை இல்லை.

மாப்பிள்ளை: மாமா, அந்த அரத்தைக் கொஞ்சம் கீழ வைங்க. அரசாங்கம் உங்களைத் தேடி வந்திருக்கு.

மாமா: கரன்ட் பில்லு கட்டியாச்சே மாப்ள.

மாப்பிள்ளை: அது இல்ல. புதுசா யோசிக்கிறவங்களுக்கு 'டான்சீட்'னு ஒரு திட்டம். ஆதார நிதி லட்சக்கணக்குல கிடைக்கும்.

மாமா: அடேங்கப்பா! சோமாறி, இதை வந்தவுடனே சொல்றதுக்கென்ன? உக்காரு. டீ சொல்றேன்.

மாப்பிள்ளை: பட்டறை எந்த வருசம் ஆரம்பிச்சது?

மாமா: மாயத்தேவர் ரெட்டை இலையில ஜெயிச்ச வருசம். 1973. எங்கப்பா ஆரம்பிச்சாரு.

மாப்பிள்ளை: (திரையைத் தடவி) ஸ்டார்ட்-அப்புன்னா பதிவாகி பத்து வருசத்துக்குள்ள இருக்கணுமே. அதுவும் பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி., பங்குதாரர் நிறுவனம் மாதிரிப் பதிவாகியிருக்கணும். தனி ஆள் பட்டறை கணக்குல வராது.

மாமா: ஆக, அம்பது வருசம் கடையை மூடாம வச்சிருந்தது எங்க தப்பு.

மாப்பிள்ளை: விடுங்க, வேற வழி இருக்கு. புதுசா ஏதாவது கண்டுபிடிச்சிருக்கீங்களா?

மாமா: (பலகைக்கு அடியிலிருந்து துணி சுற்றிய பூட்டை எடுக்கிறார்) இந்தா பாரு. உள்ள எட்டு லீவர். சாவியை விளக்குப் புகையில காட்டி உள்ள விட்டா, கரி எங்க ஒட்டுதோ அந்த எடத்தை மட்டும் ரெண்டு இழுப்பு ராவணும். மூணாவது இழுப்பு இழுத்தா லீவர் குப்பைக்குப் போயிரும். இதுல பொய்ச்சாவி போட்டான்னு வை, ஒரு லீவர் மேல ஏறி மாட்டிக்கும். அப்புறம் சொந்தச் சாவியே போட்டாலும் திறக்காது. எதிர்ப்பக்கம் ஒரு திருப்பு திருப்பினாத்தான் விடும். எவனோ கை வச்சிருக்கான்னு வீட்டுக்காரனுக்குத் தெரிஞ்சு போயிரும்.

மாப்பிள்ளை: பிரமாதம்! காப்புரிமை வாங்கிரலாம். 20 வருசத்துக்கு வேற எவனும் செய்ய முடியாது. இதை யாருக்காவது வித்துட்டீங்களா?

மாமா: ஒரு கோயில் உண்டியலுக்குப் போட்டு மூணு வருசமாச்சு. இன்னி வரைக்கும் எவனாலயும் திறக்க முடியல.

மாப்பிள்ளை: போச்சு. விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியே சந்தைக்கு வந்துட்டா புதுமை போச்சுன்னு சட்டம்.

மாமா: உண்டியல்ல பத்து பைசா போகல, புதுமை மட்டும் போயிருச்சா?

மாப்பிள்ளை: கவலைப்படாதீங்க, திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கே. கூட்டுறவுச் சங்கம் 2013-ல விண்ணப்பிச்சு, 2019-ல கிடைச்சது.

மாமா: ஆறு வருசமா என்ன பாத்தாங்க?

மாப்பிள்ளை: பாரம்பரியம் இருக்கான்னு. காலங்காலமா இந்த ஊர்லதான் செய்யறாங்கன்னு நிரூபிக்கணும்ல.

மாமா: இந்தக் குறியீடு தர்ற ஆபீசு எங்க இருக்கு?

மாப்பிள்ளை: சென்னை கிண்டியில.

மாமா: காப்புரிமை ஆபீசு?

மாப்பிள்ளை: (தயங்கி) அதே கட்டடம்தான்.

மாமா: அப்படி வா வழிக்கு. ஒரு மேசைக்குப் போனா 'இது பழசுன்னு நிரூபி'ம்பான். அடுத்த மேசைக்குப் போனா 'இது புதுசுன்னு நிரூபி'ம்பான். என் பூட்டு நடுவுல, படிக்கட்டுல உக்காந்திருக்கும்.

மாப்பிள்ளை: இதுக்குத்தான் மாமா பயிலரங்கம் வைக்கிறோம். உலக அளவுல எப்படிச் செய்யறாங்கன்னு அம்பத்தஞ்சு ஸ்லைடு தயார் பண்ணியிருக்கேன். பூட்டைப் பத்தியே ஒண்ணு இருக்கு, கேளுங்க. 1817-ல இங்கிலாந்துல போர்ட்ஸ்மவுத் கப்பல் துறையில எவனோ கள்ளச்சாவி போட்டுக் கொள்ளையடிச்சுட்டான். அரசாங்கம் போட்டி வச்சது. சொந்தச் சாவி தவிர எதுக்கும் திறக்காத பூட்டு வேணும், பரிசு 100 பவுண்டுன்னு. ஜெரமையா சப் ஜெயிச்சாரு. பொய்ச்சாவி போட்டா லீவர் ஒண்ணு மாட்டிக்கிட்டு...

(இருவரும் மேசை மேலிருக்கும் பூட்டைப் பார்க்கிறார்கள்.)

மாமா: எந்த வருசம்?

மாப்பிள்ளை: 1818.

மாமா: அடப்பாவி. இதுக்காக நான் எத்தனை ராத்திரி முழிச்சிருக்கேன் தெரியுமா? இருநூறு வருசத்துக்கு முந்தி ஒருத்தன் செஞ்சு வச்சிருக்கான்னு எங்கிட்ட சொல்றதுக்கு ஒரு ஆபீசு இல்லையா?

மாப்பிள்ளை: எல்லாம் இணையத்துல இருக்கு மாமா.

மாமா: கிணத்துல தண்ணி இருக்கு. கயிறு வேணுமே. சரி, அந்தப் பூட்டை எப்படிச் சோதிச்சாங்க? ஐ.எஸ்.ஐ. முத்திரையா?

மாப்பிள்ளை: சிறைக் கப்பல்ல பூட்டு வேலை தெரிஞ்ச கைதி ஒருத்தன் இருந்தான். அவங்கிட்ட குடுத்தாங்க. திறந்தா அரசாங்கம் விடுதலை பண்ணும், சப் 100 பவுண்டு தருவாரு. ரெண்டு மூணு மாசம் தட்டிப் பாத்துட்டு முடியலைன்னு குடுத்துட்டான்.

மாமா: அது பரிசோதனை! அந்த அரசாங்கம் சப்புகிட்ட திட்ட அறிக்கை கேட்டுச்சா? ஜாமீன் கேட்டுச்சா?

மாப்பிள்ளை: அதெல்லாம் ஸ்லைடுல இல்ல. 1851-ல ஹாப்ஸ்னு ஒரு அமெரிக்கக்காரர் வந்து அதையும் திறந்துட்டாருன்னு மட்டும் இருக்கு.

மாமா: திறக்கட்டும். அப்பத்தான் அடுத்த பூட்டு வரும். எனக்கு வேண்டியது மானியம் இல்ல மாப்ள, ஒரு கேள்வி. 'ரேஷன் கடைக்குப் பூட்டு வேணும். மழையில துருப்பிடிக்கக் கூடாது, கள்ளச்சாவி போட்டா காட்டிக் குடுக்கணும், விலை இவ்வளவு, ஆயிரம் பூட்டு வாங்கிக்கிறோம்'னு ஒரு கேள்வி. ஜெயிலுக்கும் குடோனுக்கும் நம்ம பூட்டுதான்னு மேடையில பெருமையாப் பேசுறாங்க. டெண்டர்னு வந்துட்டா விலை குறைச்சலா எவன் எழுதறானோ அவனுக்குத்தானே? அலிகார் பூட்டு மிஷினோட என் அரம் ஓடி ஜெயிக்குமா?

மாப்பிள்ளை: நியாயந்தான். ராணுவத்துக்கு அப்படி ஒண்ணு இருக்கு, 2018-ல ஆரம்பிச்ச 'ஐடெக்ஸ்'. இதுதான் எங்க சிக்கல், தீர்வு சொல்லுன்னு அவங்களே கேட்டு, கோடிக்கணக்குல தர்றாங்க. ஆனா மாமா, நானும் ஒண்ணு கேக்கறேன். துருவுக்கு விடை காரைக்குடியில இருக்கு. சிக்ரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து, 1948-ல நேரு அடிக்கல் நாட்டின ஆராய்ச்சிக்கூடம். உலோகத்துக்குப் பூச்சு போடுறதே அவங்களுக்கு ஒரு துறை. பஸ் ஏறினா அரை நாள்ல போயிரலாம். ஒரு தடவையாவது போயிருக்கீங்களா?

மாமா: செட்டியார் எத்தனை பாரம் பூர்த்தி பண்ணிக் குடுத்தாரு?

மாப்பிள்ளை: பேச்சை மாத்தாதீங்க. போனீங்களா?

மாமா: போனா பூட்டைக் கழட்டிக் காட்டச் சொல்லுவான். காட்டினா அடுத்த மாசம் அலிகார்ல வந்துரும்.

மாப்பிள்ளை: அப்ப வரைபடமாவது இருக்கா? அச்சு, அளவு, ஏதாவது?

மாமா: எல்லாம் இங்க இருக்கு. (நெற்றியைத் தட்டிக் காட்டுகிறார்)

மாப்பிள்ளை: உங்க மகனுக்குத் தெரியுமா?

மாமா: அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். இந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டான்.

மாப்பிள்ளை: அரசாங்கம் கேள்வி கேக்கலைங்கிறீங்க. கேட்டாலும் பதிலைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டுத்தானே உக்காந்திருக்கீங்க?

மாமா: (பூட்டை எடுத்துத் துணியில் சுற்றப் போனவர், சுற்றாமல் வைக்கிறார்) சரி. வரைஞ்சு தரேன். நீ அந்த ரேஷன் கடைக் கேள்வியை எழுதி மேல அனுப்பு. கையெழுத்து யாரு போடணும்?

மாப்பிள்ளை: எங்க இயக்குநர் உணவு வழங்கல் துறைக்கு எழுதணும், அவங்க கூட்டுறவுத் துறையைக் கேக்கணும், நிதித்துறை ஒப்புதல் தரணும்...

மாமா: நீயே பின்னால ஓடி வாங்கிரேன்.

மாப்பிள்ளை: நான் கான்ட்ராக்ட் ஆளு மாமா. மார்ச்சோட முடியுது.

மாமா: அப்ப ஏப்ரல் ஒண்ணாம் தேதி காலையில எட்டு மணிக்குப் பட்டறைக்கு வந்துரு. அரம் பிடிக்க ஆள் இல்லாம ரெண்டு வருசமாத் தேடிக்கிட்டு இருக்கேன்.