அடங்கிய மதிப்பு

எம்.ஃபார்ம் ஃபார்மசி பிராக்டிஸ் ஆய்வேடு போல நிம்மதியான வாசிப்பு வேறில்லை. முடிவு தலைப்பிலேயே தெரிந்துவிடும். மருந்தாளுநர் சர்க்கரை நோயாளியிடம் பேசுவார். நோயாளி ஒழுங்காக மாத்திரை விழுங்குவார். முடிவு தற்செயலானதல்ல என்று காட்டப் பயன்படும் ‘பி’ மதிப்பு, வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே அடக்கமாக உட்காரும். உட்கார மறுத்தால்? புள்ளியியல் தெரிந்த அண்ணன் இருக்கிறார், உட்கார வைப்பார். சுமார் 3 மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி கூட, சமர்ப்பிக்கும் தேதி நெருங்கினால் மூன்றே வாரத்தில் இறங்கிவிடும். மருந்துக்கே இல்லாத வேகம்!

‘நோயாளிக்கு மருந்தாளுநரின் ஆலோசனை இன்றியமையாதது’ என்று முடித்து, பொன்னெழுத்து அட்டை போட்டு நூலகத்தில் பத்திரப்படுத்துகிறார்கள். மருத்துவமனைக் கீழ்த்தளத்து மருந்து ஜன்னலிலோ ஆலோசனை அன்றாடம் நடக்கிறது: “காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அடுத்தது!”

ஜன்னலுக்குள் இருப்பவர், போன வருஷம் அந்த ஆய்வேட்டை எழுதியவர்.