பெஞ்சு மெக்கானிக்

வந்தவாசியில் எங்கெல்லாம் மெக்கானிக் ஷெட் உண்டோ அங்கெல்லாம் எதிரே ஒரு டீக்கடை பெஞ்சும், பெஞ்சில் ஓர் அண்ணனும் உண்டு. முன்னாள் டிரைவர். லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது, அபிப்பிராயம் ஆகவில்லை. வேட்டியில் கிரீஸ் கறை இருக்காது. குனிந்தால்தானே படும்!

கோரைப்பாய்க் கட்டுகளைக் கேபின் மறைய அடுக்கிய குட்டி யானை மினி லாரி ஒன்று வந்து நிற்கும். "அறுவதத் தாண்டினா ஸ்டியரிங் உதறுதுண்ணா" என்பான் டிரைவர் பையன். கேட்டது மெக்கானிக்கை. பதில் பெஞ்சிலிருந்து வரும். "கிங் பின் போயிடுச்சுப்பா. இறக்கிடு."

போன வாரம் வந்த வண்டிக்கெல்லாம் டை ராடு எண்டு போயிருந்தது. அதற்கு முந்தின வாரம் டயர். சமீபத்தில் அமெரிக்கப் பிக்கப்புகள் தலைதெறிக்க உதறும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டார். அங்கே அதற்கு மரண ஆட்டம் என்றே பெயராம். முன் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் டிராக் பார் தேய்ந்தாலும் அப்படி ஆடும் என்பது உண்மைதான். ஆனால் முன்பக்கம் பட்டை ஸ்பிரிங் போட்ட நம் மினி லாரிகளில் அந்த வேலையைப் பட்டையே பார்த்துக்கொள்கிறது. இல்லாத கம்பியை மாற்றச் சொல்லி இரண்டு நாள் பிடிவாதம்.

சரித்திரமும் தப்பவில்லை. "1760ல பிரெஞ்சுத் தளபதி லாலி இந்த ஊர்ல ஏன் தோத்தான்? பீரங்கி வண்டிச் சக்கரத்துல ஆட்டம்!" அவனை ஜெயித்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் வண்டிகளுக்கு அலைன்மெண்ட் பார்த்தது யார் என்று கேட்க நமக்குத் தைரியம் போதாது.

மெக்கானிக் இதற்கெல்லாம் வாய் திறப்பதில்லை. பையனிடம் மட்டும், "பிரேக் அடிக்கிறப்பவா, சும்மா போறப்பவா?" என்று கேட்பார். பிரேக்கில் மட்டும் என்றால் டிரம்மோ டிஸ்க்கோ கோணியிருக்கலாம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறினால் முதல் சந்தேகம் வீல் பேலன்சிங். பிறகு ஜாக்கி. தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். டக் டக் என்று ஆட்டம் கொடுத்தால் பையனை பிரேக் மிதிக்கச் சொல்வார். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்டின் யோக்கியதை தெரிந்துவிடும். உதறலை அடக்க ஸ்டியரிங் டாம்பரை மட்டும் மாற்றுவது, சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு வலி மாத்திரை போடுகிற சங்கதி.

அண்ணன் சொல்வது எப்போதும் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. வாரம் ஒரு பாகமாக வண்டி முழுவதையும் சொல்லிக்கொண்டே வருகிறாரே, பொருத்தமான வாரத்தில் வந்த வண்டிக்குப் பலித்துவிடும். பலித்த வண்டி நம்பரெல்லாம் அவருக்கு மனப்பாடம். பலிக்காத வண்டிகள் வந்தவாசிக்கு வந்ததே இல்லை.

உங்கள் வண்டி உதறினால் அவர் கண்ணில் படுவதற்குள் மூன்றைப் பார்த்துவிடுங்கள்: வீல் நட்டு இறுக்கமாக இருக்கிறதா, டயரில் காற்று சரியா, ரிம்முக்குள் வயல் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா. ஒரு பக்கமாக ஒட்டிய சேறே சக்கரத்தை உதற வைக்கும். அதைச் சுரண்டிப்போட ஒரு குச்சி போதும்.