உரிமம் பெற்ற காது

உரிமம் வழங்கும் அலுவலகங்களைத் திட்டாத ஹாம் ரேடியோக்காரரைப் பார்ப்பது அரிது. அந்தக் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். பத்து மாதமாக ஓர் அலுவலகத்தின் அருமை பெருமைகளைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் பெற்றவன் நான். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். விளம்பரம் பிடிக்காதவர்கள்.

என் ஆசை சின்னது. வடதுருவத்துக்கு 1,300 கிலோமீட்டர் தெற்கே ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் லாங்யியர்பியன் என்று ஓர் ஊர். சுமார் 2,500 பேர் இருக்கிறார்கள். அங்கே போய் ஒரு வாரம் மோர்ஸ் தட்ட வேண்டும். தீவுகள் நார்வேயுடையவை என்றாலும் அவற்றின் அழைப்புக் குறி தனி: ஜேடபிள்யூ என்று தொடங்கும். அந்த இரண்டு எழுத்து காதில் விழுந்தால் உலகெங்கும் ஹாம்கள் சோற்றுத்தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிவருவார்கள்.

ஐரோப்பியர்கள் இதில் சுவாரசியமே இல்லாமல் செய்துவிட்டார்கள். தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஜெர்மானிய ஹாம் தன் குறிக்கு முன்னால் ஜேடபிள்யூ, ஒரு சாய்கோடு போட்டுக்கொண்டு தட்டத் தொடங்கிவிடலாம். அமெரிக்கர்களும் கனடாக்காரர்களும்கூட அதில் சேர்ந்துகொண்டார்கள். மூன்று நொடியில் முடிகிற காரியத்தில் என்ன மரியாதை இருக்கிறது? நல்லவேளை, இந்தியா அந்த ஏற்பாட்டில் இல்லை. ஆகவே நமக்கு மனு, நகல், நகலுக்குச் சான்று, எல்லாவற்றுக்கும் மேலே இங்குள்ள அலுவலகத்தின் கடிதம் என்று நான்கு பேறுகள்.

கடிதத்துக்கு ஒரு படிவம். அதை வடித்தவர் தீர்க்கதரிசி. 'எல்லைக்குட்பட்ட காவல் நிலையம்' என்று ஒரு வரி இருந்தது. ஸ்வால்பார்டில் ஆளுநரே காவல்துறைத் தலைவர். அதனால் 'ஆளுநர்' என்று எழுதினேன். எழுத்தர் பெருந்தன்மையானவர். "ஆளுநரெல்லாம் எதுக்கு சார், அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரு இன்ஸ்பெக்டர் பேர் எழுதுங்க, போதும்" என்றார். ஆன்டெனா நிற்கும் கட்டடத்தின் அஸ்திவாரம் பற்றி ஒரு கேள்வி. அங்கே நிலம் ஆண்டு முழுவதும் உறைந்து கிடப்பதால் வீடுகளைக் கால் ஊன்றித் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள் என்று விளக்கமாக எழுதினேன். 'நிரந்தரக் கட்டடம் அல்ல' என்று சிவப்பு மையில் ஒரே வரியில் திருத்திக் கொடுத்தார்கள். இடம் பார்க்காமலே பொறியியல் தெரிந்தவர்கள்.

இவ்வளவும் தேவையா என்று கேட்பவர்களுக்குச் சரித்திரம் தெரியாது. முறையாக நியமிக்கப்பட்ட காதின் மகிமையை அதே தீவுகள் 1928-இல் கண்டிருக்கின்றன.

அந்த ஆண்டு மே 24-ஆம் தேதி நோபிலே தலைமையில் 'இத்தாலியா' என்ற ஆகாயக் கப்பல் துருவத்தைத் தொட்டது. மறுநாள் திரும்பும் வழியில் பனிமேல் விழுந்து உடைந்தது. ஆறு பேரைச் சுமந்துகொண்டு பலூன் காற்றோடு போய்விட்டது. அவர்களை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. பனியில் விழுந்தவர்களில் ஒருவர் இறந்தார், ஒன்பது பேர் பிழைத்தார்கள். வானொலி இயக்குநர் பியாஜி, உடைசல்களைப் பொறுக்கிக் கம்பம் நட்டு, கையளவு சிற்றலைப் பெட்டி ஒன்றில் உயிர்காக்கும் அழைப்பைத் தட்டத் தொடங்கினார்.

கேட்க வேண்டிய கப்பல் 'சிட்டா டி மிலானோ'. நானூறு கிலோமீட்டருக்குள் கிங்ஸ் பே விரிகுடாவில் நின்றது. அந்தப் பயணத்துக்காகவே அனுப்பப்பட்ட கப்பல். பெரிய கருவிகள், முறைப்படி நியமனமான இயக்குநர்கள். தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்து ஔவை எவ்வளவு மனம் நிறைந்து மெச்சினாளோ, அவ்வளவு மனம் நிறைந்து நானும் மெச்சுகிறேன். கப்பலின் வானொலிக்கு ஓய்வே இல்லை. பத்திரிகைச் செய்தி, சொந்தத் தந்தி என்று அனுப்பிக்கொண்டே இருந்தது. பேசிக்கொண்டிருக்கிறவன் எப்படிக் கேட்பான்? இயக்குநர் ஒருவர் துண்டுதுண்டாக ஏதோ கேட்கிறது என்றபோது, 'அது மொகதிசு நிலையமாக இருக்கும்' என்று மேலதிகாரி தீர்த்துவைத்ததாக ஒரு செய்தி உண்டு. மொகதிசு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அவ்வளவு தூரம் கேட்கும் காதுக்குப் பக்கத்து வீட்டுக் கூச்சல் எங்கே கேட்கப்போகிறது!

ஜூன் 3-ஆம் தேதி கேட்டது யாருக்கு என்றால், 2,500 கிலோமீட்டர் தெற்கே, வோஸ்னெசேன்யே-வோக்மா என்ற ரஷ்யக் கிராமத்தில், தானே கட்டிய பெட்டியோடு உட்கார்ந்திருந்த நிக்கொலாய் ஷ்மித் என்ற இளைஞனுக்கு. சிற்றலை வானத்தில் மோதித் தொலைவில் இறங்கும், பக்கத்தில் இருப்பவனைத் தாண்டிவிடும் என்று கப்பலுக்காக ஒரு சமாதானம் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் ஜூன் 8-ஆம் தேதி அதே கப்பலுக்கும் கேட்டுவிட்டது. செய்தி உலகத்துக்குத் தெரிந்த பிறகு கேட்பது எளிது. ஜூலையில் 'கிராசின்' என்ற ரஷ்யப் பனியுடைப்புக் கப்பல் போய் எஞ்சியவர்களை ஏற்றிக்கொண்டது. ஷ்மித்தையும் அரசாங்கம் மறந்துவிடவில்லை: 1942-இல் உளவாளி என்று சுட்டுக்கொன்றது. குற்றமற்றவர் என்ற காகிதம் 1984-இல் வந்தது. காகிதம் தாமதமாகலாம், வராமல் போவதில்லை.

கிங்ஸ் பேயில் இப்போது நியூ-ஓலசுன் என்ற ஆராய்ச்சி ஊர். நம் 'ஹிமாத்ரி' நிலையம் 2008 முதல் அங்கேதான் இருக்கிறது. ஊரைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்கு வைஃபை கிடையாது, புளூடூத் கிடையாது. கைப்பேசியை விமானப் பயணத்தில் வைப்பதுபோல் வாய்மூடி வைக்க வேண்டும். 2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரை எதை இயக்கவும் தனி அனுமதி வேண்டும். அங்கே பெரிய தட்டுகள் கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளியிருக்கும் குவேசார்களைக் கேட்டுப் பூமி எப்படி அசைகிறது என்று அளக்கின்றன. இந்தக் கட்டுப்பாட்டை நான் நிஜமாகவே பாராட்டுகிறேன். கேட்பதற்காக மௌனம் காக்கிறார்கள்.

நம் அலுவலகத்திலும் பத்து மாதமாக அதே மௌனம். அவர்களும் ஏதோ குவேசாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நம்பியிருந்தேன். போன வாரம் படிவம் திரும்பி வந்தது. பிழை என்னுடையதுதான்: அஞ்சல் குறியீட்டுக்கு ஆறு கட்டங்கள் இருக்க, நான்கைத்தான் நிரப்பியிருந்தேன். லாங்யியர்பியனின் குறியீடு 9170. மீதி இரண்டு கட்டத்தில் என்ன எழுதுவது என்று பணிவோடு கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன்.